பரிமாறினவள்

“ஸைனம்பு. நான் ஸைனம்பு. கேக்குதா? ஒங்கட பொண்டாட்டி.”

கட்டிலின் மேல் குனிந்து புருசனின் வலக் காதுக்குள் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள் ஸைனம்பு. இடக் காது முன்பே மந்தம். கச்சிமுகம்மது ஹாஜியார் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். மிகவும் மரியாதையான பார்வை. பஸ்ஸில் அறியாத பெண்பிள்ளை ஒருத்தி நிற்கக் கண்டவர்போல, அசைய முடிந்த பாதி உடம்பைச் சுவர்ப் பக்கமாக ஒதுக்கி இடம் விட்டார்.

“இரிங்க,” என்றார்.

“கேட்டீங்களா மதினி! என்ட சீதன வீட்டுல, என்ட கட்டில்ல, என்னெய இரிக்கச் செல்றார்.”

மூலையில் யாசீன் ஓதிக்கொண்டிருந்த ஸுலைஹா, ஹாஜியாரோடு கூடப்பிறந்த மூத்தவள், கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“அது கிடக்கட்டும். பொருத்தம் எடுத்தயா?” என்றாள்.

ஸைனம்பு போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அந்தக் கேள்விதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. மவுத்துக்கு முன்னால் புருசனும் பெண்சாதியும் ஒருவரிடம் ஒருவர் பொருத்தம் கேட்டுக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். ‘குறைநிறை இருந்தாப் பொருத்துக்கங்க’ என்று ஒருவர் கேட்க, ‘பொருந்திட்டன்’ என்று மற்றவர் சொல்லிவிட்டால் போதும். மறுமையில் அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பெரும்பாலான பெண்களுக்கு இது அழுதுகொண்டே முடித்துவிடுகிற காரியம். ஸைனம்புவுக்கு அப்படியில்லை. நற்பிட்டிமுனை ஊரில் அவளைப் போல வாய் இன்னொருத்திக்கு வாய்க்கவில்லை என்று அவள் பெற்ற மகள் மேனுஜாவே சொல்வாள். நிக்காஹ் முடிந்த கையோடு தொடங்கிய ஏச்சு, ஹாஜியார் பாரிசவாதத்தில் விழுந்த காலையிலும் நடந்துகொண்டுதான் இருந்தது. பொருத்தம் வாங்காமல் இந்த மனிதரை அனுப்பிவிட்டால் அவள் கதி என்ன? ஆஸ்பத்திரியில் இருந்து ‘வீட்டுக்குக் கொண்டுபோய் வெச்சிப் பாருங்க’ என்று அனுப்பியதிலிருந்து அவளும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். ஆனால் யாரென்றே தெரியாத பெண்ணுக்கு அவர் எதைப் பொருந்துவார்?

ஏச்சில் பெரும் பங்கு அவர் ஹோட்டலில் கொடுத்த காசால் வந்தது. அதை இங்கே சொல்லாமல் விட முடியாது.

ஹாஜியார் நெல் வியாபாரி. வயலடிக்குப் போய் நெல்லைக் கையில் அள்ளிப் பல்லால் கடித்துப் பார்த்து, ஈரம் கூட என்று விலையை இறுக்கிப் பிடித்தாரென்றால் விவசாயிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். மீன்காரனிடம் பேரம் பேசி, அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெரு முடிவுவரை போனபின் திரும்பக் கூப்பிடுகிற ஆள். அப்படிப்பட்டவர் ஹோட்டலில் போய் உட்கார்ந்தால் வேறு மனிதர். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று வியாபாரத்துக்குப் போகிற ஊர்களில் எல்லாம் அவருக்கு ஒவ்வொரு கடை. சாப்பிட்டு எழும்பும்போது பரிமாறினவனைக் கிட்டக் கூப்பிடுவார். தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் சின்னதாக மடித்த நோட்டை அவன் உள்ளங்கையில் அமுக்குவார். சில நாள் அது சாப்பாட்டு விலையைவிடக் கூடவாகவே இருக்கும்.

ஒருமுறை கண் கிளினிக்குக்குப் போய்விட்டு இரண்டுபேரும் கல்முனையில் சாப்பிட்டார்கள். பராட்டாவுக்கும் ஆட்டெலும்பு சூப்புக்கும் இவ்வளவு உபகாரமா என்று ஸைனம்புவுக்கு வயிறு எரிந்தது. பரிமாறின ஜவுபருக்கு முன்னாலேயே, “தம்பி, இவருக்குக் கண்ணுக்கு மருந்து ஊத்தியிரிக்கி. எந்த நோட்டு எண்டு தெரியாமத் தாறார். திருப்பித் தா,” என்று கையை நீட்டிவிட்டாள். ஜவுபர் திருப்பிக் கொடுத்தான். ஹாஜியார் பேசாமல் அதை வாங்கி மறுபடி அவன் சட்டைப் பையில் செருகிவிட்டு எழும்பி நடந்தார். பஸ்ஸிலும் பேச்சில்லை. வீட்டுப் படலைக்குக் கிட்ட வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அவன் நிக்கிறான், நான் இரிக்கிறன். அதுக்குத்தான் குடுக்கிற.”

“நானும் நிண்டுதான் ஒங்களுக்குப் போடுறன்.”

“நீ வீட்டுக்காரி,” என்று சிரித்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அவர் சிரித்துவிட்டார், அதோடு அவருக்கு முடிந்தது. ஸைனம்புவுக்கு முடியவில்லை. இன்றைக்கும் அவள் கை நீட்டியதைப் பிழையென்று நினைக்கவில்லை. கடையில் எவனோ ஒருவன் வைத்த சோற்றுக்குத் தோளில் கை போட்டு நல்ல வார்த்தை சொல்கிற மனிதர், வீட்டில் ஆணத்தில் உப்புக் குறைந்த அன்றைக்கு மட்டும்தான் சமையலைப் பற்றிக் கதைப்பார். அதுதான் அவளுக்கு ஆத்திரம். காசு போனதில் இருந்த ஆத்திரம் அதில் பாதிதான்.

நண்பகல் லுஹர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் படலை திறக்கிற சத்தம் கேட்டது. மேனுஜா எட்டிப் பார்த்துவிட்டு, “உம்மா, வாப்பா திங்கிற கடைல இருந்து ஆள் வந்திரிக்கி,” என்றாள்.

ஜவுபர்தான். கடைச் சட்டையோடு, கையில் ஒரு பிளாஸ்க்கும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். தலையில் நரை விழத் தொடங்கிவிட்ட ஆள். ஸைனம்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவனைக் கண்டதும் கண் கிளினிக் அன்றைக்கு நோட்டுக்குக் கை நீட்டியது ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்கும், ஆனால் அவன் அதை முகத்தில் காட்டவில்லை.

“சூப் கொண்டுவந்தன். எலும்பு போடல்ல, தண்ணி மட்டும்தான். ஹாஜியார ஒருக்காப் பாக்கலாமா?”

உள்ளே வந்தவன் கட்டிலடியில் குந்தினான். ஹாஜியார் அவனை நெடுநேரம் பார்த்தார். பெற்ற மகளைத் தெரியவில்லை, பெண்டாட்டியைத் தெரியவில்லை, இந்த ஹோட்டல்காரனை மட்டும் தெரிந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாரென்றால் அவளால் தாங்க முடியாது. அல்லாஹ்வே, கூப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். இப்படி ஒரு துஆ கேட்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

“ஈரம் கூட,” என்றார் ஹாஜியார்.

“என்ன ஹாஜியார்?”

“ஒன்ட நெல்லு. ஈரம் கூட. இந்த விலைக்கு நான் எடுக்கமாட்டன். கொண்டு போ.”

ஜவுபர் ஒரு கணம் விழித்தான். பிறகு மிக இயல்பாகத் தலையை ஆட்டினான். “சரி ஹாஜியார். ரெண்டு வெயில் காயவெச்சிட்டுக் கொண்டாறன்.”

“ஓம். நல்லாக் கிளறிக் காயவை.”

“ஓம் ஹாஜியார்.”

ஹாஜியாரின் முகத்தில் இவ்வளவு நாளும் காணாத நிம்மதி வந்தது. வியாபாரம் ஒழுங்காக நடந்துவிட்ட நிம்மதி. கண்ணை மூடிக்கொண்டார். ஜவுபர் அவர் காலைப் போர்வைக்கு மேலாலேயே கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு எழும்பினான். வாசலுக்கு வந்ததும் அவன் உதடு கோணியது. மூத்த சகோதரியைக் கூப்பிடுவதுபோல அவளைத் ‘தாத்தா’ என்று கூப்பிட்டான்.

“ஒரு நாள் என்ட கால் ரெண்டும் வீங்கிக் கிடந்திச்சி தாத்தா. நான் செல்லல்ல, ஆரும் பாக்கவுமில்ல. தேத்தண்ணியக் குடிச்சிக்கொண்டு கீழ பாத்தார். அண்டைக்குத் தந்ததுலதான் இந்தச் சப்பாத்து வாங்கின. நீ திண்டயா எண்டு கேக்காம ஒருநாளும் எழும்பிப் போகமாட்டார்.”

“என்னெய ஒருநாளும் கேட்டதில்ல,” என்றாள் ஸைனம்பு. சொன்ன பிறகு, மரணப் படுக்கை வாசலில் நின்று இதையா சொல்வது என்று அவளுக்கே தோன்றியது. ஜவுபர் பிளாஸ்க்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, கடையில் ஆள் குறைவு என்று போய்விட்டான்.

அவன் போனபின் ஹாஜியார் இடுப்பைத் தடவத் தொடங்கினார். சாறனுக்கு மேல் எப்போதும் கட்டியிருக்கும் அகலமான பச்சைப் பெல்ட்டைத் தேடினார். ஆஸ்பத்திரியில் கழற்றியது. மேனுஜா எடுத்துவந்து பக்கத்தில் வைத்ததும் அதிலிருந்த பையைத் துழாவினார். பை வெறுமை. மருந்துக்கும் ஓட்டோவுக்கும் போன காசு அது. சின்னப் பிள்ளைபோல முனகத் தொடங்கிவிட்டார்.

“கடைக்குப் போகணும்… கைல ஒண்டுமில்ல… எப்பிடிப் போற?”

ஸைனம்பு அலுமாரியைத் திறந்து, சேலைக்கு அடியில் இருந்த தன்னுடைய முட்டை வித்த காசில் நோட்டொன்றை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினாள். “இந்தா இரிக்கி. தொட்டுப் பாருங்க.” தொட்டுப் பார்த்தார். முனகல் நின்றது.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு ஸுலைஹா மற்ற அறைக்குப் போனாள். மேனுஜாவும் பின்னால் போனாள். ஸைனம்பு தேங்காய்ப்பால் விட்டு, இஞ்சி தட்டிப் போட்டுக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியைக் கொண்டுவந்தாள். தலையணைகளை முதுகுக்குப் பின்னால் அடுக்கி அவரை நிமிர்த்திச் சாய்த்து உட்காரவைத்தாள். வழக்கம்போல, ‘நான் ஸைனம்பு’ என்று சொல்ல வாய் எடுத்தவள், ஜவுபர் தலையாட்டினது நினைவில் வர, வாயை மூடிக்கொண்டு கரண்டியை நீட்டினாள்.

குடித்தார். இன்னொரு கரண்டிக்கும் தானாகவே வாயைத் திறந்தார்.

“நல்லாரிக்கு,” என்றார். “ஆரு ஆக்கின?”

கரண்டி அவள் கையில் நின்றுவிட்டது. “உள்ளுக்கு. குசினில.”

“புதுக் கோக்கியா?”

“ஓம் ஹாஜியார்.” அந்தச் சொல் தன் வாயிலிருந்து எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவரை ‘இஞ்சாருங்க’ என்பதற்கு மேல் ஒன்றும் கூப்பிட்டதில்லை.

“செல்லு அந்தக் கோக்கிக்கிட்ட. உப்பு அளவாப் போட்டிரிக்கி எண்டு செல்லு. கைப்பக்குவம் உள்ள ஆள்.”

அவளுக்குக் கண் கலங்கியது, கூடவே கோபமும் வந்தது. இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டா மனிதர் இத்தனை காலமும் பேசாமல் சோறு தின்றார்! நன்றாக ஏசவேண்டும்போல் இருந்தது. ஏசினால் அவர் உட்கார்ந்திருக்கிற கடை கலைந்துபோகும். அதனால் இன்னொரு கரண்டி கொடுத்தாள்.

“நீ திண்டயா மனே?”

“இல்ல ஹாஜியார்.”

“ஏன், முதலாளி விடல்லயா?”

“வேல முடியல்ல.”

“எந்நேரம் தொட்டு நிக்கிற?”

“விடியத் தொட்டு.”

“கால் நோவும்.”

“நோவும்தான்,” என்றாள் ஸைனம்பு. மெய்யாகவே நொந்தது. முழங்கால் நோகிறது என்று மகளிடம்கூட அவள் சொன்னதில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று பயம்.

ஹாஜியார் கிண்ணத்தைக் கையால் ஒதுக்கினார், போதும் என்று. பெல்ட்டின் பையைத் திறக்க அவருக்கு வெகுநேரம் எடுத்தது. பொத்தான் வழுக்கிக்கொண்டே போனது. உதவிக்குப் போன அவள் கையைத் தட்டிவிட்டார். நோட்டை எடுத்தார். என்ன நோட்டென்று பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடி, மேலால் தன் கையையும் வைத்து அமுக்கினார்.

“முதலாளிக்குக் காட்டாத,” என்றார், குரலைத் தாழ்த்தி. “வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி பருப்பு வாங்கிராத. இது ஒனக்கு. ஒனக்கு என்ன ஆசயோ அத வாங்கு.”

மற்ற அறையில் ஸுலைஹா தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்கிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சத்தில் வந்துவிடுவாள். கேட்பதென்றால் இப்போது கேட்கவேண்டும்.

“ஹாஜியார்.”

“ம்.”

“நான் கனகாலமா ஒங்களுக்குப் பரிமாறுறன். சூடாக் கேட்ட நேரம் ஆறினதத் தந்திரிப்பன். தெறிக்கத் தெறிக்க வெச்சிரிப்பன். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு. ஆக்களுக்கு முன்னுக்கு ஒங்கள ஏசியிரிக்கன். குறைநிறை இருந்தாப் பொருத்துக்கங்க.”

ஹாஜியார் ஆச்சரியமாகப் பார்த்தார். கடையில் பரிமாறுகிற எவனும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லைபோலும்.

“என்ன மனே, பெரிய கத கதைக்கிறா. நாள் முழுக்க நிண்டு போடுற ஆளுக்கு வாய் கொஞ்சம் நீளத்தான் செய்யும்.” மூச்சு வாங்கினார். “எல்லாம் பொருந்திட்டன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பிடித்த கையை இன்னும் விடவில்லை.

“நீயும் பொருத்துக்க. சில நேரம் திண்டுட்டு ஒண்டும் செல்லாம எழும்பிப் போயிரிப்பன்.”

“பொருந்திட்டன்,” என்றாள் ஸைனம்பு. பிறகு, அவருக்குக் கேட்கவில்லையோ என்று வலக் காதுப் பக்கம் குனிந்து இன்னொருமுறை சொன்னாள். “எல்லாம் பொருந்திட்டன்.”

பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஸுலைஹா கலிமாவைச் சொல்லிக்கொடுத்தாள். மேனுஜா பஞ்சில் ஸம்ஸம் தண்ணீரைத் தொட்டு உதட்டை நனைத்தாள். மருமகன் பள்ளிவாசலிலிருந்து ஓடிவந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. “இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி றாஜிஊன்,” என்று ஸுலைஹா சொன்னபோது ஸைனம்பு வாய்விட்டு அழுதாள். ஊரறிந்த வாய், அழுகையும் அப்படித்தான் இருந்தது. மூன்றாம் வீட்டுக்காரர்கள் பாங்கொலி முடிந்ததும் முதலில் அவள் குரலைத்தான் கேட்டார்கள்.

அன்றைக்கே அவளுக்கு வெள்ளை உடுத்தி அறைக்குள் இருத்தினார்கள். இத்தா தொடங்கிவிட்டது. இனி அந்நிய ஆண்கள் யாருக்கும் முன்னால் அவள் வரமாட்டாள். மறுநாள் காலையில் ஜனாஸாவைத் தூக்கியபோது மேனுஜா ஜன்னல் சீலையை ஒதுக்கி, வெளியே நடப்பதை உம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உம்மா, தெரு நெறஞ்சி போயிரிக்கி. ஜவுபர் காக்கா சந்தூக்குக்குத் தோள் குடுத்திரிக்கார். அவர்ர கடை ஆக்கள் அந்தச் சட்டையோட வந்திரிக்காங்க. வேற சட்டைக்காரங்களும் இரிக்காங்க, அக்கரைப்பற்றுக் கடையாம், சம்மாந்துறைக் கடையாம்.”

“எத்தின பேரு?”

“கனபேரு உம்மா.”

“அல்லாஹ்வே, இவ்வளவு பேரா!” என்று ஸைனம்பு மூக்கைச் சிந்தினாள். “நான் இந்தக் கல்முனைக் கடையோட சரி எண்டெலுவா நெனச்சி ஏசின. தெரிஞ்சிரிந்தா இன்னும் ஏசியிரிப்பனே.” அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டுபேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மையவாடிக்குப் போன ஆண்கள் அடக்கிவிட்டுத் திரும்பி வந்தார்கள். மையத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயல்வீடுகளிலிருந்து சோறு வந்துகொண்டிருந்தது. அறைக்குள் பெண்கள் சுற்றிவர இருந்தார்கள். எல்லோருக்கும் நடுவில் ஸுலைஹா மெதுவாகக் கேட்டாள்.

“ஸைனம்பு, பொருத்தம் எடுத்தயாகா? இல்லாட்டி எனக்குச் செல்லு. அவன்ட பேர்ல நாம துஆக் கேப்பம்.”

“எடுத்தன் மதினி. தந்தார்.”

“எப்ப?”

“அஸருக்கு. நீங்க தொழுத நேரம்.”

“ஒன்ட பேரச் செல்லித் தந்தானா?”

ஸைனம்பு யோசித்தாள். பொய் சொல்கிற நேரம் இல்லை இது.

“பேர் செல்லல்ல. என்ட கையப் புடிச்சிக்கொண்டு தந்தார். நானும் அவருக்குக் குடுத்தன்.”

ஸுலைஹா அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு மடியில் கிடந்த வலக் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கில் நோட்டின் ஓரம் தெரிந்தது. உடுத்தும்போதும் தொழுகைக்கு உளுச் செய்யும்போதும் இடக் கைக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்ததை மேனுஜாவும் கவனித்திருந்தாள்.

“அதென்னது?”

“கடைசியா அவர் பெல்ட்டால எடுத்துத் தந்த.”

“அப்ப அத வெச்சிரிக்கப்படாது. பள்ளி உண்டியல்ல போட்டுட்டா அவனுக்குத்தான் நன்ம. குடு, பொடியனிட்ட குடுத்து அனுப்புவம்.”

“இல்ல மதினி.”

“உம்மா, அது நீங்க வெச்ச காசிதானே,” என்று மேனுஜா தாயின் காதோடு சொன்னாள். “முட்டை வித்த காசி. குடுங்க, மாமி செல்ற மாதிரி செய்வம். ஒங்களுக்கு வேற தாறன்.”

ஸைனம்பு கையை மூடிக்கொண்டாள்.

“வெச்சது நான்,” என்றாள். “தந்தது அவர்.”

ஸுலைஹா நீட்டின கையை மடக்கிக்கொண்டாள். யாரோ ஒரு பெண் பிங்கானில் சோறு போட்டுக்கொண்டு வந்து ஸைனம்புவுக்கு முன்னால் வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போனாள். ஸைனம்பு வெள்ளைச் சேலையின் முந்தானை நுனியை இழுத்து, நோட்டை அதில் வைத்து முடிந்தாள். புதுச் சேலை, மொடமொடப்பாக இருந்தது. முடிச்சு நிற்கவில்லை. அவிழ்த்துவிட்டு, நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் முடிந்தாள்.